ஜோயி ரமோன்: பாடியவர் இல்லாமல் வெளியான முதல் தனி ஆல்பம்

2002-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி அமெரிக்க இசைக் கடைகளுக்கு ஒரு புது சிடி வந்தது. அதன் பெயர் 'டோன்ட் வொரி அபவுட் மீ'. அதாவது 'என்னைப் பற்றிக் கவலைப்படாதே'. பாடியவர் ஜோயி ரமோன். இருபத்தி இரண்டு வருடம் ஒரே குழுவில் பாடிவிட்டு, முதல்முறையாகத் தன் பெயரில் மட்டும் போட்ட ஆல்பம் அது. ஆனால் அது கடைக்கு வந்தபோது அவர் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது!

ஒரு பாடகர் இறந்த பிறகு அவர் பெயரில் ஆல்பம் வருவது ராக் உலகில் புதிதில்லை. பெட்டிகளைக் குடைந்து, பாதியில் விட்ட பாட்டுகளை எல்லாம் ஒட்டிச் சேர்த்து, அட்டையில் ஒரு பழைய போட்டோவைப் போட்டு விற்றுவிடுவார்கள். அந்த வரிசையில் இதையும் சேர்த்துவிட முடியாது. ஏன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜோயியின் நிஜப் பெயர் ஜெஃப்ரி ராஸ் ஹைமன். 1951 மே 19 அன்று நியூயார்க் நகரத்தில் பிறந்தார். வளர்ந்தது குயீன்ஸ் பகுதியில் உள்ள ஃபாரஸ்ட் ஹில்ஸ். பிறக்கும்போதே முதுகுத்தண்டில் ஒரு கட்டி. குழந்தையாக இருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். வாழ்நாள் முழுக்க உடம்பு அவரைப் படுத்திக்கொண்டே இருந்தது. பதினெட்டு வயது வாக்கில் மனநோய் ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி மூளை கட்டாயப்படுத்துமே, அந்த நோய். படியில் ஏறினால் சரியாக ஏறவில்லை என்று தோன்றும், திரும்ப இறங்கி ஏற வேண்டும். தொட்ட பொருளையே மறுபடி மறுபடி தொட வேண்டும். ஆறரை அடி உயரம், ஒல்லி உடம்பு, முகத்தை மறைக்கும் முடி, கண்ணை மறைக்கும் கண்ணாடி. தெருவில் பார்த்தவர்கள் யாரும் 'இவன் பெரிய பாடகன் ஆவான்' என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

1974-ல் அதே ஃபாரஸ்ட் ஹில்ஸ் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ரமோன்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஜானி கிடார், டீ டீ பேஸ் கிடார், டாமி டிரம்ஸ், ஜோயி பாட்டு. முதலில் ஜோயிதான் டிரம்ஸ் அடித்தார், டீ டீ பாடினார். டீ டீக்கு வாசித்துக்கொண்டே பாட வரவில்லை. அதனால் இடம் மாறினார்கள். நாலு பேரும் உறவினர்கள் இல்லை. ஆனாலும் எல்லோரும் 'ரமோன்' என்பதையே கடைசிப் பெயராக வைத்துக்கொண்டார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஒரு காலத்தில் 'பால் ரமோன்' என்ற புனைபெயரைப் பயன்படுத்தியிருக்கிறார், அங்கிருந்து எடுத்தது.

அந்தக் காலத்து ராக் இசையை நினைத்துப் பாருங்கள். பத்து நிமிடப் பாட்டு, அதில் நாலு நிமிடம் கிடார் தனியாவர்த்தனம். இவர்கள் அதற்கு நேர் எதிர். மூன்று நாலு ஸ்வரக்கட்டு, இரண்டு நிமிடம், பாட்டு முடிந்தது. மேடையில் ஒரு பாட்டு முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் நடுவில் 'ஒன் டூ த்ரீ ஃபோர்' என்று கத்தும் நேரம்தான் இடைவெளி. 1976 ஏப்ரலில் வந்த முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம்தான். செலவு 6,400 டாலர். அதே வருடம் ஜூலை 4 அன்று லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் பாடினார்கள். அமெரிக்கா பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றதாக அறிவித்த 200-வது ஆண்டு நாள்! அந்தச் சுற்றுப்பயணம் லண்டனில் முளைத்துக்கொண்டிருந்த பங்க் இளைஞர்களுக்குப் பெரிய உந்துதல் கொடுத்தது என்பது வரலாற்றில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

உந்துதல் கிடைத்தவர்கள் பலர் பணக்காரர் ஆனார்கள். ரமோன்ஸ் ஆகவில்லை. பதினான்கு ஸ்டுடியோ ஆல்பம் போட்டார்கள். 1980-ல் ஃபில் ஸ்பெக்டர் என்ற பெரிய தயாரிப்பாளரை வைத்துச் செய்த 'எண்ட் ஆஃப் த செஞ்சுரி' அமெரிக்கப் பட்டியலில் 44-வது இடம் வரை போனது. அவர்கள் ஏறிய உச்சம் அதுதான். வயிற்றுப்பாட்டுக்கு ஒரே வழி வேனில் ஏறி ஊர் ஊராகப் போய் வாசிப்பது. 1996 ஆகஸ்ட் 6 அன்று ஹாலிவுட்டில் கடைசி நிகழ்ச்சி. அது அவர்களுடைய 2,263-வது மேடை!

இந்த 2,263 மேடைகளில் பாதிக்கும் மேல் ஜோயியும் ஜானியும் ஒருவரோடு ஒருவர் பேசாமலே ஏறினார்கள் என்பதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி. ஜோயியின் காதலியாக இருந்த பெண் 1980-களின் தொடக்கத்தில் அவரை விட்டு ஜானியிடம் போனார், பிறகு ஜானியையே திருமணமும் செய்துகொண்டார். அரசியலிலும் இரண்டு பேரும் இரண்டு துருவம். ஜானி தீவிர ரீகன் ஆதரவாளர். ஜோயி இடதுபக்கம் சாய்ந்தவர். 1985-ல் ரீகன் ஜெர்மனியில் நாஜிப் படையினர் புதைக்கப்பட்ட பிட்பர்க் கல்லறைக்குப் போனபோது யூதரான ஜோயிக்கு வந்த கோபம் ஒரு பாட்டாகவே ஆனது. அந்தப் பாட்டுக்கும் ஜானிதான் கிடார் வாசித்தார்! ஒரே வேன், ஒரே மேடை, பேச்சு மட்டும் இல்லை. கல்யாண வீட்டில் பேசாத பங்காளிகள் ஒரே பந்தியில் உட்காருவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பதினைந்து வருடம்.

குழுவை நடத்தியது ஜானி. என்ன வாசிப்பது, எப்படி உடுத்துவது, எவ்வளவு செலவு செய்வது எல்லாம் அவர் கட்டுப்பாடு. அது இல்லாவிட்டால் குழு மூன்று வருடத்தில் உடைந்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஜோயியின் மனதுக்குள் இருந்த இசை வேறு. 60-களில் பெண்கள் குழுக்கள் பாடிய மெலடிப் பாட்டுகள் அவருக்கு உயிர். ரானெட்ஸ் குழுவில் பாடிய ரானி ஸ்பெக்டரைச் சின்ன வயதிலிருந்தே கொண்டாடியவர், 1999-ல் அவருக்கே ஒரு சிறு ஆல்பம் தயாரித்துக் கொடுத்தார். இப்படிப்பட்ட ஆளுக்குத் தனியாக ஒரு ஆல்பம் போட வேண்டும் என்ற ஆசை இருந்ததில் ஆச்சரியம் இல்லை. குழு கலைந்த பிறகுதான் அதற்கு நேரம் கிடைத்தது. ஆனால் அதற்குள் உடம்பு முந்திக்கொண்டது.

1990-களின் நடுவிலேயே ஜோயிக்கு நிணநீர்ப் புற்றுநோய் இருப்பது தெரிந்துவிட்டது. வெளியில் அதிகம் சொல்லாமல் வைத்திருந்தார். சிகிச்சை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். கூட்டாளி டேனியல் ரே. கிடார் வாசிப்பவர், ரமோன்ஸின் பிற்கால ஆல்பங்கள் சிலவற்றைத் தயாரித்தவர், ஜோயியோடு சேர்ந்து பாட்டு எழுதியவர். பேஸ் வாசிக்க ஆண்டி ஷெர்னாஃப். ரமோன்ஸுக்கு முன்பே, 1975-லேயே, நியூயார்க்கில் முதல் ஆல்பம் போட்டுவிட்ட 'டிக்டேட்டர்ஸ்' குழுவைச் சேர்ந்தவர். பெரும்பாலான பாட்டுகளுக்கு டிரம்ஸ் ஃபிராங்க் ஃபுனாரோ. சிலவற்றுக்குப் பழைய ரமோன்ஸ் டிரம்மர் மார்க்கி. உடம்பு ஒத்துழைத்த நாளில் பாடுவது, முடியாத நாளில் விடுவது என்று பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த ஆல்பம் இது.

2000-ஆம் ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31. நியூயார்க்கில் பனி கொட்டிக் கிடந்தது. வெளியே போன ஜோயி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. சாதாரண ஆளுக்கு அது சில மாதப் படுக்கை. இவருக்கோ எலும்புக்கு அறுவை சிகிச்சை செய்யப் புற்றுநோய் மருந்தை நிறுத்த வேண்டி வந்தது. அதிலிருந்து அவர் மீளவில்லை. 2001 ஏப்ரல் 15 அன்று மருத்துவமனையில் இறந்தார். ஐம்பது வயது ஆக இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவர் இல்லாமலே நியூயார்க் ஹாமர்ஸ்டீன் அரங்கில் நண்பர்கள் விழா எடுத்தார்கள். அம்மா ஷார்லட்டும் தம்பி மிக்கி லீயும் வந்திருந்தார்கள். ஜானி, ஜோயி சாகக் கிடந்தபோது கூட ஒரு போன் செய்யவில்லை. இதை ஜானியே பிறகு மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

இனி ஆல்பத்துக்கு வருவோம். 11 பாட்டு, சுமார் 35 நிமிடம். வெளியிட்டது சாங்சுவரி ரெக்கார்ட்ஸ்.

முதல் பாட்டே ஆளைத் தூக்கிவாரிப் போடும். 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்'! 1967-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய அதே பாட்டு. மரம், பூ, வானம், குழந்தைகள் என்று உலகத்தின் அழகை மெதுவாக, தழுதழுத்த குரலில் ஆம்ஸ்ட்ராங் பாடியதைக் கேட்காதவர்கள் குறைவு. அந்தப் பாட்டுக்கே ஒரு விநோத வரலாறு உண்டு. அமெரிக்க கம்பெனி முதலாளிக்கு அது பிடிக்காமல் விளம்பரமே செய்யவில்லை. பிரிட்டனில் 1968-ல் முதல் இடம் பிடித்தது, அமெரிக்காவிலோ யாரும் சீண்டவில்லை. 1987-ல் 'குட் மார்னிங், வியட்நாம்' படத்தில் வந்த பிறகுதான் அங்கே புகழ் பெற்றது. அதற்குள் ஆம்ஸ்ட்ராங் இறந்து பதினாறு வருடம். சொந்த நாட்டில் விலை போகாத பாட்டை, சொந்த நாட்டில் விலை போகாத குழுவின் பாடகர் எடுத்திருக்கிறார். இன்னொரு ஒற்றுமை: ஆம்ஸ்ட்ராங் கடைசி வரை குடியிருந்த கரோனா பகுதியும் ஜோயி வளர்ந்த அதே குயீன்ஸில்தான் இருக்கிறது.

ஜோயி இதை ரமோன்ஸ் வேகத்தில் பாடுகிறார். கிடார் ரம்பம் போல அறுக்கிறது, டிரம்ஸ் பாய்கிறது. கிண்டலா? பங்க் குழுக்கள் பழைய பாட்டை எடுத்தால் பெரும்பாலும் கிண்டல்தான் செய்வார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸின் சிட் விஷஸ் 'மை வே' பாட்டை எப்படிக் கிழித்தார் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் ஜோயியின் குரலில் துளி நக்கல் இல்லை. புற்றுநோயோடு இருக்கும் ஒரு மனிதர் உலகம் அழகானது என்று பாடும்போது, அதை நம்பித்தான் பாடுகிறார் என்பது தெளிவாகக் கேட்கிறது. இந்த ஆல்பத்தில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இந்த இரண்டரை நிமிடம் போதும். இதே ஒலிப்பதிவைத்தான் மைக்கேல் மூர் தன் 'பௌலிங் ஃபார் கொலம்பைன்' ஆவணப்படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடும்போது வைத்தார். அமெரிக்காவின் துப்பாக்கிப் பைத்தியத்தைப் பற்றிய படம் அது. அங்கே இதே பாட்டு முழுக்கக் குத்தலாக மாறிவிடுகிறது! ஜோயி பாடியது ஒன்று, மூர் பயன்படுத்தியது இன்னொன்று. பாடியவர் இல்லாதபோது பாட்டுக்கு இப்படியும் நடக்கும்.

'மரியா பார்ட்டிரோமோ' என்று ஒரு பாட்டு. யார் இவர்? சிஎன்பிசி சேனலில் பங்குச்சந்தைச் செய்தி வாசித்தவர். 1995 முதல் நியூயார்க் பங்குச்சந்தைத் தளத்தில் நின்றுகொண்டே நேரலையில் செய்தி சொன்னவர். பங்க் பாடகருக்கும் பங்குச்சந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஜோயி 90-களின் இறுதியில் தீவிரமாகப் பங்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்! உடம்பு முடியாமல் வீட்டில் இருந்த மனிதருக்குத் தினமும் டிவியில் வந்து பேசிய முகம் அது. காசு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும் பதற்றத்தையும், டிவி முகத்தின் மேல் வரும் வெகுளியான ஈர்ப்பையும் கலந்து ஒரு காதல் பாட்டு எழுதிவிட்டார். சிரிப்பு வரும், ஆனால் நல்ல பாட்டு. இன்டர்நெட் கம்பெனிப் பங்குகள் ஊதிப் பெருத்து 2000-ல் வெடித்த காலத்தின் வரலாற்று ஆவணமாகக் கூட இதை வைக்கலாம்.

'மிஸ்டர் பஞ்சி' கொஞ்சம் விளையாட்டுத்தனமானது. அதில் 'டேம்ட்' குழுவின் கேப்டன் சென்சிபிள் குரல் கொடுத்திருக்கிறார். 1976-ல் பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிள் போட்ட குழு அது. '1969' என்பது இக்கி பாப்பின் ஸ்டூஜஸ் குழுவின் பாட்டு. ஃபாரஸ்ட் ஹில்ஸில் அந்தக் குழுவை விரும்பிக் கேட்டவர்கள் சேர்ந்துதான் ரமோன்ஸே உருவானது, அந்தக் கடனை அடைத்திருக்கிறார் போல. நடுவில் ஒன்றிரண்டு பாட்டு ரமோன்ஸ் மிச்சம் மாதிரி ஒலிக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 'ஐ காட் நாக்ட் டவுன்' வேறு ரகம். விழுந்துவிட்டேன், ஆனால் எழுந்துவிடுவேன் என்பது தலைப்பின் பொருள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, எனக்கு என் வாழ்க்கை வேண்டும் என்று கேட்கும் ஒருவரின் பாட்டு. ரமோன்ஸ் பாட்டுகளிலும் ஆஸ்பத்திரி வரும், மனநோய் வரும், மயக்க மருந்து வரும். 1977-ல் நியூஜெர்சியில் ஒரு நிகழ்ச்சிக்கு முன் கொதிநீர் பட்டு வெந்துபோய், அப்படியே பாடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன ஜோயி, அந்த அனுபவத்திலிருந்து 'ஐ வான்னா பி செடேட்டட்' என்ற துள்ளல் பாட்டை எழுதினார். வலியைக் கார்ட்டூன் ஆக்குவது அவர்கள் பாணி. இந்தப் பாட்டில் கார்ட்டூன் இல்லை. நோயாளி பேசுகிறார், நேராகப் பேசுகிறார். வயதும் அசதியும் குரலில் தெரிகிறது. பாட்டில் சொன்ன மாதிரி அவர் எழுந்துவிடவில்லை என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கேட்பவரைச் சங்கடப்படுத்துவது அதுதான்.

கடைசிப் பாட்டுதான் ஆல்பத்தின் தலைப்பு. தம்பி மிக்கி லீயும் இதில் வாசித்திருக்கிறார். தலைப்பைப் பார்த்துவிட்டு மரணச் செய்தி என்று நினைத்தால் ஏமாற்றம்தான். காதலியோடு ஒத்துப்போகாமல் விடைபெறும் ஒருவனின் சாதாரணப் பாட்டு இது. அதை ஆல்பத்தின் கடைசியில் வைத்து, அதையே தலைப்பாகவும் போட்டதும் அர்த்தம் மாறிவிட்டது. இறந்தவர் ஆல்பங்களில் இதுதான் சிக்கலே. நாம் எல்லாவற்றையும் உயில் மாதிரி வாசிக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

ஆல்பம் வெளிவந்து ஒரு மாதத்தில், 2002 மார்ச் 18 அன்று, ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் ரமோன்ஸைச் சேர்த்துக்கொண்டது. தகுதி வந்த முதல் வருடமே அந்த கௌரவம், ஜோயி மட்டும் இல்லை. மூன்று மாதம் கழித்து ஜூன் 5 அன்று டீ டீ போதைமருந்தால் இறந்தார். 2004 செப்டம்பரில் ஜானி புற்றுநோயால். 2014 ஜூலையில் டாமி. அதோடு முதல் நால்வரும் போய்விட்டார்கள். அந்த 6,400 டாலர் முதல் ஆல்பம் அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதி என்ற தங்கத்தட்டுக் கணக்கைத் தொட்டது 2014 ஏப்ரலில். வெளிவந்து 38 வருடம் கழித்து! டாமி ஒருவர்தான் அதைப் பார்த்தார்.

2012-ல் ஜோயியின் பெயரில் இன்னொரு ஆல்பம் வந்தது. தலைப்பு 'யா நோ?'. அவர் பல காலங்களில் பாடி வைத்திருந்த மாதிரி ஒலிப்பதிவுகளை எடுத்து, அதைச் சுற்றிப் புதிதாக இசை சேர்த்து, தம்பி மிக்கி லீ முன்நின்று கொண்டுவந்தார். பழைய ரமோன்ஸ் ஒலிப்பதிவாளர் எட் ஸ்டேசியம் முக்கியத் தயாரிப்பாளர். ஜோன் ஜெட், ஸ்டீவன் வான் ஸாண்ட் போன்றவர்கள் வந்து வாசித்தார்கள். 15 பாட்டு. அன்போடு செய்த வேலை, நல்ல பாட்டுகளும் உண்டு. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து கேட்டால் வித்தியாசம் தெரியும். 2012 ஆல்பத்தில் ஜோயியின் குரலுக்கு மற்றவர்கள் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். 2002 ஆல்பத்தில் எந்தப் பாட்டு, யார் வாசிப்பது, எவ்வளவு வேகம் என்பதில் உயிரோடு இருந்த ஜோயியின் கை இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங் பாட்டை அந்த வேகத்தில் பாட வேண்டும் என்று அவர் இறந்த பிறகு வேறு யாரும் முடிவு செய்திருக்க முடியாது.